பன்னிரண்டு நாட்டிலும் ஒரே நாய்

அக்டோபர் 1, ஞாயிறு

மலை மேல் நிற்கும் செங்கோட்டு வேலவர் சாட்சியாக, மலையடியில் நிற்கும் என் மொபெட் சாட்சியாக, அர்த்தநாரியாகிய நான் ஒரு சத்தியம் செய்கிறேன். இந்த டைரியில் இனி நான் எழுதப் போகும் கதையை உலகத்தில் ஒருத்தரும் நம்பப் போவதில்லை. நம்பாதவர்கள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. முப்பத்தோரு வருஷம் போர்வெல் வண்டியில் மேனேஜராக இருந்து, காஷ்மீரம் முதல் கன்னியாகுமரி வரை பாரத மாதாவின் தலையில் துளை போட்டவன் நான். என் அனுபவத்தைத் தாங்கும் வலு சாதாரணக் காதுகளுக்குக் கிடையாது.

டைரி, நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்காரர் ஜனவரியில் கொடுத்தது. ஒன்பது மாதம் வெறுமையாகக் கிடந்தது. காவியம் தக்க தருணத்துக்குக் காத்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

தருணம் இன்று காலை ஸ்கூட்டியில் வந்தது. பூங்கொடி, என் அக்கா மகள். எங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் நூலகர். வாசகர் வட்டத்தார் சேர்ந்து எட்டு ஞாயிற்றுக்கிழமை 'இளையோர் பண வகுப்பு' நடத்துகிறார்களாம். பதினேழு முதல் இருபது வயதுப் பிள்ளைகள். சேமிப்பு, வட்டி, கடன், ஏமாறாமல் இருப்பது எல்லாம் பாடம். பாடம் எடுக்க வேண்டிய ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மகள் பிரசவத்துக்கு பெங்களூரு போய்விட்டார்.

"மாமா, நீங்க வந்து எடுக்கோணுமுங்க."

"என் நிதி ஞானம் ஊருக்கே தெரிஞ்சு போச்சா?"

"அதுக்கில்லீங்க மாமா. கணக்கெல்லாம் நான் பாத்துக்கறேன். ஏமாத்தறவன் எப்படிப் பேசுவான்னு பசங்களுக்குத் தெரியோணும். ஊர்ல உங்க அளவுக்குப் பொய் சொல்ற ஆளு யாருங்க இருக்கறாங்க?"

"என்னைப் பொய்யன்னு சொல்றயா அம்மிணி?"

"ஆமாங்க மாமா."

இத்தனை 'ங்க' போட்டு என்னை யாரும் திட்டியதில்லை. மயங்கி ஒப்புக்கொண்டேன்.

அக்டோபர் 5, வியாழன்

இன்று ஒரு நல்ல செய்தி. என்ன செய்தி என்று எழுத மாட்டேன். தெய்வானைக்குக் கால் கிலோ அல்வா வாங்கிப் போனேன்.

"எதுக்குங்க இது?"

"உன் சிரிப்புக்கு."

"நான் சிரிக்கவே இல்லயே."

என் மனைவி தெய்வானை இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஒரு முட்டை குறைந்தாலும் ஊரையே நிறுத்தி எண்ணுகிற ஆள். அல்வாவைத் தின்றபடியே என்னைப் பார்த்த பார்வையில் எடை போடுவது தெரிந்தது.

அக்டோபர் 8, ஞாயிறு

முதல் வகுப்பு. பதினொரு பேர் வந்திருந்தார்கள். மலையளவு கூட்டம் என்று வெளியில் சொல்லியிருக்கிறேன்.

பூங்கொடி ஒரு விதி வைத்தாள். மேசை மேல், வழக்கமாக 'சத்தம் போடாதீர்கள்' என்பதற்காக அடிக்கும் மணி. நான் பேசுவதில் பொய் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் எழுந்து வந்து அடிக்கலாம். ஆனால் எதனால் பொய் என்று சொல்ல வேண்டும்.

நான் தொடங்கினேன். "ராஜஸ்தான் பாலைவனத்துல ஆயிரத்தி இருநூறு அடி போட்டோம். தண்ணி வரலை. மோர் வந்துச்சு."

டிங்.

அடித்தவன் சபரி. பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். வாய், வயதுக்கு நாலு வருஷம் முன்னால் ஓடுகிறது. "எதனால பொய்யின்னா, மோருக்கு மாடு வேணுமுங்க."

"மாடு ஆயிரத்தி முன்னூறு அடியில இருந்துச்சு கண்ணு."

டிங். டிங். நாற்பத்தைந்து நிமிடத்தில் முப்பத்திரண்டு முறை மணி. பேப்பர் படிக்க வந்தவர்கள் கோயில் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் மணியடிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். இந்துமதி. பகலில் லேப் டெக்னீஷியன் படிப்பு, சாயந்திரம் ஜவுளிக்கடையில் வேலை. அப்பா தறி ஓட்டுகிறார். "என்ன எழுதறே?" என்று கேட்டேன். "நீங்க பொய் சொல்லும்போது வலது கை மீசைக்குப் போகுதுங்க மாமா. அதைக் குறிச்சுக்கிட்டேன்," என்றாள்.

பூங்கொடி கூப்பிடுவதைக் கேட்டு எல்லோருக்கும் நான் மாமா ஆகிவிட்டேன்.

அக்டோபர் 11, புதன்

மழை. சின்ன அறைத் தளம் ஒழுகுகிறது. இரண்டு வாளி, ஒரு அண்டா வைத்தோம். தெய்வானை ஓய்வு பெற்றபோது வந்த ஒரு லட்சத்தில் எண்பதாயிரத்தைத் தளம் போட என்று என் கையில் கொடுத்தாள், 'போஸ்ட் ஆபீஸ்ல போட்டு வைங்க' என்று. பணம் பத்திரமான இடத்தில் இருக்கிறது. அதைவிடப் பத்திரமான இடத்தை இந்தக் கண்டத்திலேயே பார்க்க முடியாது. அடுத்த கண்டத்தில் பார்க்கலாம்.

அக்டோபர் 15, ஞாயிறு

இன்று வட்டிப் பாடம். பூங்கொடி பலகையில் எழுபத்திரண்டு என்று எழுதினாள். அதை வட்டி விகிதத்தால் வகுத்தால் எத்தனை காலத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று கிட்டத்தட்டத் தெரியுமாம். வருஷத்துக்கு ஆறு வட்டி என்றால் பன்னிரண்டு வருஷம்.

"மாசத்துக்கு ஆறுன்னா?" என்று இந்துமதி கேட்டாள்.

"அப்படி யாரு குடுப்பா?" என்றான் சபரி.

"எங்க தெருவுல குணசேகரன் அண்ணன் குடுக்கறாருங்க."

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்கு, அதாவது போர்வெல் வண்டிக்கு, பங்கு போடுவது மற்ற ஊரில் மொய் வைப்பது மாதிரி. மச்சான் வண்டி வாங்கினால் ஐம்பதாயிரம், பங்காளி வாங்கினால் ஒரு லட்சம். பத்திரம், கையெழுத்து எதுவும் கிடையாது. "வண்டியில நம்ம பங்கும் இருக்குது" என்ற ஒரு சொல்தான் ஆவணம். தலைமுறையாக நடக்கிறது. பெரும்பாலும் சரியாகவே நடக்கிறது. அதுதான் ஆபத்து.

இந்தக் குணசேகரன், 'சர்வதேசப் பாதாள டிரில்லர்ஸ்' என்ற கம்பெனிக்கு ஆள். ஆப்பிரிக்காவில் பன்னிரண்டு நாட்டில் பன்னிரண்டு ரிக் ஓடுகிறதாம். பங்கு போட்டால் மாதம் நூற்றுக்கு ஆறு ரூபாய், ஐந்தாம் தேதி கையில். என் நண்பன் ஒருவன் ஆகஸ்டில் போட்டான். இரண்டு மாதம், மாதத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு வந்தது. நண்பன்தான். பெயர் ஞாபகமில்லை.

மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்யும் பர்வீன் கால்குலேட்டரைத் தட்டினாள். "மாசம் ஆறுன்னா பன்னெண்டு மாசத்துல டபுள். அதையே திருப்பித் திருப்பிப் போட்டா ஒரு லட்சம் பத்து வருஷத்துல பத்துக் கோடிக்கு மேல. இருபது வருஷத்துல..." கால்குலேட்டரைத் திருப்பிப் பார்த்தாள். "பத்தாயிரம் கோடிக்கு மேலங்க மாமா."

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பர்வீன் மட்டும் யோசித்தாள்.

"இத்தனை சம்பாதிக்கத் தெரிஞ்சவரு எதுக்குங்க மாமா, வெயில்ல பைக்ல வந்து எங்ககிட்ட அம்பதாயிரம் கேக்கறாரு?"

எனக்கு அவசரமாக டீ குடிக்க வேண்டி வந்தது.

அக்டோபர் 22, ஞாயிறு

ஐந்து கேள்வி வகுப்பு. பணம் கேட்டு எவன் வந்தாலும் கேட்க வேண்டியவை. நீ யார், எங்கே பதிவு செய்திருக்கிறாய்? லாபம் எங்கிருந்து வருகிறது? நான் கேட்டால் எப்போது திருப்பித் தருவாய்? பேப்பர் எங்கே? கடைசியாக, ஏன் இந்த அவசரம்?

நான் மகா கம்பீரமாக மேசையைத் தட்டி முழங்கினேன்: "ஆளை நம்பாதே, பேப்பரைக் கேளு! அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி, நானா இருந்தாலும் சரி!" பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒருத்தரும் மணி அடிக்கவில்லை. எனக்கு என்னவோ அடிப்பார்கள் என்று பயமாக இருந்தது.

அக்டோபர் 29, ஞாயிறு

செலவுக் கணக்குப் பாடம். சபரி மாதம் தொள்ளாயிரம் ரூபாய்க்குப் பரோட்டா தின்பது சபையில் அம்பலமானது. "அது செலவில்லீங்க, முதலீடு," என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான். வாரிசு கிடைத்துவிட்டான்.

இந்துமதி தன் கணக்கைப் படித்தாள். ஜவுளிக்கடைச் சம்பளத்தில் சேர்த்தது நாற்பத்தைந்தாயிரம். நவம்பர் முப்பதுக்குள் கல்லூரிக்குக் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது, வருஷம் போகும்.

நவம்பர் 5, ஞாயிறு

வகுப்பு நன்றாக நடந்தது. வானம் தெளிவு. இட்லி மென்மை. வர வேண்டிய ஒன்று வரவில்லை. பேப்பர்காரரைச் சொல்கிறேன்.

நவம்பர் 7, செவ்வாய்

பேப்பர்காரர் போனை எடுக்கவில்லை. ஆப்பிரிக்காவில் மழையாக இருக்கும்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. வகுப்பு இல்லை. சின்ன அறையில் வாளி நிறைந்து வழிந்தது. தெய்வானை பிழிந்துகொண்டே சொன்னாள், "தை பொறந்ததும் அந்தப் பணத்தை எடுத்துத் தளம் போட்டரலாமுங்க." நான் சங்குசக்கரம் விடப் போய்விட்டேன். அறுபத்திரண்டு வயதில் தனியாக, ஒரு டஜன் சங்குசக்கரம்.

நவம்பர் 13, திங்கள்

குணசேகரன் வந்தான். தெய்வானை ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம். கையில் மிக்சர் டப்பா.

"அண்ணா, உங்க பங்குப் பணம் எங்கயும் போகாதுங்க. சிஸ்டம் மாத்தறாங்க. நீங்க இன்னும் ரெண்டு பேரைச் சேத்தி விட்டீங்கன்னா நிலுவையும் சேத்து வந்துரும்."

"வண்டி ஓடித் தண்ணி வந்தா லாபம் வருதுன்னு சொன்னயே தம்பி. ஆளு சேத்தாத்தான் வருமா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்கண்ணா."

ரிக் வண்டியில் வயிற்றைக் கழுவியவன் நான். தண்ணி வருவதும் ஆள் வருவதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அந்த நண்பன்... சரி, இங்கே இந்த ஒரு பக்கத்தில் மட்டும் சொல்லிக்கொள்கிறேன், அந்த நண்பனும் நானும் ஒரே சட்டையைப் போடுகிறோம். மத்தியானத் தூக்கம் வரவில்லை. முப்பது வருஷத்தில் முதல் முறை.

நவம்பர் 16, வியாழன்

புத்தகம் திருப்பிக் கொடுக்க நூலகம் போனேன். இந்துமதி வந்திருந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது.

"மாமா, நானும் குணசேகரன் அண்ணன்கிட்டப் போடலாம்னு இருக்கறேனுங்க. பத்து நாள்ல போட்ட பணமும் வந்துருமாம், மேல அஞ்சாயிரம் போனசாம். தீபாவளி ஆஃபர். ஃபீஸ் கட்டிட்டு மிச்சத்துல அப்பாவுக்குக் கண்ணாடி வாங்கிருவேன்."

"அஞ்சு கேள்வி கேட்டயா கண்ணு?"

"கேக்கவே வேண்டாமுங்க. நீங்களே போட்டிருக்கறீங்கன்னு சொன்னாரு."

"நானா? அது வேற அர்த்தநாரியா இருக்கும். இந்த ஊர்ல கல்லை விட்டெறிஞ்சா ஒரு அர்த்தநாரி மண்டையிலதான் விழும்."

"போட்டோ காட்டுனாருங்க. சால்வை போட்டுக்கிட்டு, கையில ரூபாய் நோட்டோட சிரிச்சுக்கிட்டு நிக்கறீங்க. மீசை உங்க மீசைதானுங்க. நீங்க அடக்கமா வெளிய சொல்லாம இருக்கறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

என்னை அடக்கமானவன் என்று சொன்ன முதல் ஜீவன். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். வலது கை மீசைக்குப் போனது. அவள் அதைக் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் இருந்தாள்.

வீட்டுக்கு வருவதற்குள் குணசேகரனிடமிருந்து போன். இந்த முறை அவனே கூப்பிட்டான். "அண்ணா, அந்தப் புள்ளையை உங்க கணக்குலதான் சேத்தறேன். ஞாயித்துக்கெழமை பன்னண்டு மணிக்கு லைப்ரரிக்கே வந்து வாங்கிக்கறேன். உங்களுக்கு நாலாயிரத்தி ஐநூறு கமிஷன்."

நவம்பர் 18, சனி

ஒன்றும் எழுதுவதற்கில்லை. எழுதும் பேனா நன்றாக இருக்கிறது.

நவம்பர் 19, ஞாயிறு

வீரவரலாறு இன்று. உட்கார்ந்து எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வகுப்பு. இந்துமதி மடியில் கைப்பை. பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உள்ளே என்ன என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் எழுந்து நின்றேன். சிங்கம் குகையை விட்டு வருவது போல என்று சேர்த்துக்கொள்ளவும். "இன்னைக்குப் பொய் கிடையாது. இந்தப் பாதாள டிரில்லர்ஸ்ல நான் எண்பதாயிரம் போட்டு ஏமாந்துட்டேன். என் வீட்டுக்காரி ஓய்வுப் பணம். அவளுக்கே தெரியாது. நீங்க யாரும் போடாதீங்க."

டிங்.

சபரி. "எதனால பொய்யின்னா, போர்வெல் மேனேஜரு போர்வெல்லுலயே ஏமாறுவாருங்களா? மாமா, இது ரொம்பச் சுமாருங்க. மோர்க் கதையே தேவலை."

எல்லோரும் சிரித்தார்கள். பூங்கொடியும் சிரித்தாள். நான் சத்தியம் செய்தேன். டிங். குரலை உயர்த்தினேன். டிங். கண் கலங்கினேன். "மாமா நடிப்புல எங்கயோ போயிட்டாரு!" என்று கை தட்டினார்கள். வாழ்நாள் முழுக்கக் கஷ்டப்பட்டுச் சேர்த்த பெயர், தேவையான நேரத்தில் என்னைக் கைவிட்டது.

இந்துமதி சிரிக்கவில்லை. "போட்டோல சிரிச்சுக்கிட்டு இருந்தீங்களே மாமா?"

"அது முதல் மாசம் கண்ணு."

"நெசமா இருந்தா பேப்பர் காட்டுங்க. நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க."

மணி பத்தேகால். நான் கிளம்பினேன். என் மொபெட் அன்று போன வேகத்தை விஞ்ஞானிகள்தான் அளக்க வேண்டும். நாலே நிமிடத்தில் வீடு. வழியில் ஒரு காக்கை என்னை முந்தப் பார்த்துத் தோற்றது.

பங்குச் சான்றிதழ், தங்க நிறக் கரையோடு, என் பழைய டூல் பெட்டியில் ஸ்பானருக்கு அடியில் இருந்தது. டூல் பெட்டி கட்டிலுக்கு அடியில். கட்டில் மேல் தெய்வானை.

சொன்னேன். நின்றுகொண்டே, மீசையைத் தொடாமல்.

அவள் கத்தியிருந்தால் தேவலை. மூன்றே கேள்வி கேட்டாள். "எவ்வளவு? எப்ப? திரும்பி வந்தது?" சொல்லச் சொல்ல விரலை மடக்கினாள். "எண்பதுல ஒம்பதாயிரத்தி அறுநூறு போனா எழுபதாயிரத்தி நானூறு." பிறகு ஒழுகும் தளத்தை அண்ணாந்து பார்த்தாள். அந்த அல்வா ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வந்தது.

"அந்தப் புள்ளை இப்ப எங்க இருக்குது?"

"லைப்ரரியில. பன்னண்டு மணிக்கு அவன் வந்துருவான்."

"மணி பன்னண்டாகப் போகுது. வண்டியை எடுங்க."

நூலக வாசலில் அவன் பைக் நின்றது. உள்ளே மேசைக்கு எதிரில் குணசேகரன் உட்கார்ந்து ஃபாரத்தை நீட்டிக்கொண்டிருந்தான். பூங்கொடி, "கொஞ்சம் பொறுங்க, எங்க மாமா வரட்டும்," என்று அவனிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். இந்துமதி கைப்பை ஜிப்பைப் பாதி திறந்திருந்தாள்.

தெய்வானை நேராகப் போய்ச் சான்றிதழையும், கூட இருந்த வண்ண நோட்டீஸையும் மேசை மேல் வைத்தாள். "எம் பணம் எண்பதாயிரம். எங்க ஊட்டுக்காரரு குடுத்துருக்கறாரு. ரெண்டு மாசம் வந்துச்சு, அப்பறம் வரலை. இவரு வாயில வர்றதை நம்ப வேண்டாம் சாமி, இதை நம்புங்க."

சபரி வாய் முதல் முறையாக வயதுக்குத் தக்க ஓடியது, அதாவது நின்றுவிட்டது. அவன் தலையைக் குனிந்து நோட்டீஸை எடுத்தான். கென்யா, தான்சானியா, உகாண்டா, கானா என்று பன்னிரண்டு நாடு, பன்னிரண்டு படம், பன்னிரண்டு நிறத்தில் ரிக் வண்டி. நான் மூன்று மாதமாகத் தினம் எடுத்து எடுத்துப் பார்த்த படங்கள்.

"மாமா, இந்த நாயைப் பாருங்க."

"எந்த நாய்?"

"கென்யாவுல வண்டிக்கு அடியில படுத்திருக்குது. வெள்ளை நாய், ஒரு காது கறுப்பு. இங்க உகாண்டாவுலயும் படுத்திருக்குது. கானாவுலயும்."

பன்னிரண்டு தலைகள் மேசை மேல் கவிழ்ந்தன. பன்னிரண்டு நாட்டிலும் அதே நாய், அதே காது, அதே தூக்கம். வண்டியின் நிறத்தை மட்டும் கம்ப்யூட்டரில் மாற்றியிருக்கிறார்கள். நாயை யாரும் நினைக்கவில்லை. நானும் வண்டி மேல் நிமிர்ந்து நிற்கும் மாஸ்டைப் பார்த்தேன், துளை போடும் ராடைப் பார்த்தேன், டயரைக்கூட எண்ணினேன். முப்பத்தோரு வருஷ அனுபவம் நாயைப் பார்க்கவில்லை.

"ஒருவேளை நாயும் வண்டியோடவே போகுதோ என்னமோ," என்றாள் பர்வீன்.

"பன்னெண்டு வண்டிங்க அக்கா! ஒரே நாயி!" என்றான் சபரி.

குணசேகரன் தொண்டையைச் செருமினான். "ஆப்பிரிக்காவுல நாயெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குமுங்க."

டிங், டிங், டிங், டிங். மணி மேசையிலிருந்து கீழே விழும்வரை அடித்தார்கள்.

சத்தம் ஓய்ந்த பின் இந்துமதி கேட்டாள். "ஏனுங்கண்ணா, இன்னைக்கே குடுக்கோணும்னு எதுக்குங்க இத்தனை அவசரம்?"

"ஆஃபர் இன்னையோட முடியுதும்மா."

அவள் ஜிப்பை இழுத்து மூடினாள். "அப்ப முடியட்டுங்கண்ணா."

அவன் ஃபாரங்களைச் சுருட்டிக்கொண்டு பைக்குக்கு ஓடினான். தெய்வானை பின்னாலேயே போய், நம்பர் பிளேட்டைப் பார்த்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். முட்டைக் கணக்கு எழுதிய கை.

நவம்பர் 20, திங்கள்

நாமக்கல் போய்ப் போலீசில் புகார் கொடுத்தோம். எங்களுக்கு முன்னால் வரிசையில் முப்பத்தாறு பேர். அதில் நாலு பேர் அர்த்தநாரி. பணம் திரும்புமா என்று கேட்டேன். "பாப்போம்," என்றார் ஒரு ஏட்டு. இதுவரை கையில் திரும்பி வந்தது, புகாருக்கான ரசீது.

நவம்பர் 22, புதன்

தெய்வானை என்னோடு பேசவில்லை. ஆனால் பாத்திரங்கள் பேசுகின்றன. காலையில் டம்ளர் சொன்னது, "குடிச்சுத் தொலைங்க." மத்தியானம் குழம்புச் சட்டி சொன்னதை எழுத முடியாது. சாயந்திரம் அவளே பேசினாள். "இனிமே பேங்க் புக்கு எங்கிட்ட இருக்கட்டும்." மகாராஜா மாதிரி சாவிக் கொத்தை ஒப்படைத்தேன். தளத்துக்குத் தற்காலிகமாகத் தார்ப்பாய் வாங்கிக் கட்டினேன். கட்டும்போது ஏணியை அவள்தான் பிடித்தாள். விடவில்லை.

நவம்பர் 26, ஞாயிறு

வகுப்பில் புது மாணவி. வயது ஐம்பத்தொன்பது. முதல் வரிசை. பூங்கொடி விதியைத் தளர்த்திவிட்டாள். நான் வாயைத் திறந்ததும் தெய்வானை மணியை அடித்தாள்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே!"

"சொல்லப் போறீங்களே."

பதினாலு முறை அடித்தாள். பதினாலும் சரி. கூட்டம் முப்பதாகிவிட்டது. பிள்ளைகள் அம்மா அப்பாக்களைக் கூட்டி வந்திருக்கிறார்கள். ஒருத்தர் குணசேகரனிடம் போட்டது யாரென்று மெதுவாகக் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். பின்னால் இன்னும் மூன்று கை தயங்கித் தயங்கி எழுந்தது. அதில் ஒன்று இந்துமதியின் அப்பாவுடையது. பத்தாயிரம். மகளுக்கே அன்றுதான் தெரிந்தது.

நவம்பர் 30, வியாழன்

இந்துமதி கல்லூரி ரசீதோடு வீட்டுக்கு வந்தாள். நாற்பத்தைந்தாயிரம், முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கிறதா என்று தெய்வானையும் அவளும் சேர்ந்து சரிபார்த்தார்கள். நான் லட்டுக்கு மட்டும் அழைக்கப்பட்டேன்.

கிளம்பும்போது வாசலில் சொன்னாள். "அன்னைக்கு நீங்க போயி ரொம்ப நேரமா வரவே இல்லீங்க மாமா. பொய்தான் போல, இனி வர மாட்டாருன்னு நெனச்சுட்டேன். பன்னண்டு அடிச்சதும் குடுத்துரலாம்னு ஜிப்பைத் தொறந்தேன்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் கையிலிருந்த லட்டைத் திரும்ப டப்பாவில் வைத்தேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

கடைசி வகுப்பு முடிந்தது. தை மாதம் அடுத்த பிரிவு. பூங்கொடி என்னை விடுவதாக இல்லை. "மாமா, ஏமாத்தறவன் பேச்சு மட்டும் இல்லீங்க, ஏமாந்தவரு பேச்சும் நமக்கு வேணும். ரெண்டும் ஒரே ஆள்ல கிடைச்சா வாசகர் வட்டத்துக்குச் செலவு மிச்சம்," என்கிறாள்.

டைரியில் பக்கம் தீரப் போகிறது. முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். வாசிப்பவர்கள் தாராளமாக மணி அடிக்கலாம். பாலைவனத்தில் மோர் வரவில்லை, சேறு வந்தது. காக்கை என்னை முந்தியது. சிங்கம், வீரவரலாறு எதுவும் கிடையாது. நாலு நிமிடத்தில் வீடு போய்ச் சேர்ந்ததும் புளுகு. பத்தேகாலுக்கு நூலகத்தை விட்டு வந்தவன், பஸ் ஸ்டாண்டு எதிரில் பேக்கரியில் வண்டியை நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். மூன்று டீ. ஈரோடு பஸ் ஒன்று வந்தது, போனது. இரண்டாவது வந்தது, போனது. ஈரோட்டில் தம்பி வீடு இருக்கிறது. திங்கட்கிழமை திரும்பினால் எல்லாம் முடிந்திருக்கும், தெய்வானைக்கும் தெரியாது, என் மீசைக்கும் பங்கமில்லை என்று கணக்குப் போட்டேன். மூன்றாவது பஸ் வந்தபோது எழுந்தேன். பஸ்ஸில் ஏறாமல், மொபெட் நின்ற இடம் வரைக்கும் நடந்தேன்.

பேக்கரி பெஞ்சிலிருந்து வண்டி வரை பத்து அடி இருக்கும். முப்பத்தோரு வருஷத்தில் நான் போட்ட அடிகளிலேயே கடினமான பத்து அடி. அந்தப் பத்து அடி மட்டும் நிஜம்.